பாஸ்போர்ட் பாடம்

மாலாங், 3 ஜூலை 2017

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கிறது. நீ சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் சண்டை, மற்றதெல்லாம் பிறகு.

பெருநாளுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா காலையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாங்காங்கில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள், மலேசியாவில் இருக்கும் அவள் மச்சான் பேசினான். நீ பேசவில்லை. வந்து போனவர்கள் எல்லாம் “முர்தினி பேசிட்டாளா?” என்று கேட்க, அம்மா “விடியக்காலையிலேயே பேசிட்டாளே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெருநாளும் அதுவுமாக அம்மாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். தைவான் போன முதல் வாரம் பேசியதோடு சரி. அதற்குப் பிறகு எல்லாம் கடிதம்தான். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று தபால்காரரே சிரிக்கிறார்.

சரி, என் சேதி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உன்னைப் போல வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம். அங்கே பாடம் நடத்தச் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கிறார்கள். ஒரு படம் மூன்று நிமிடம். ஒரு படத்துக்கு ஒரே ஒரு விஷயம். எதை எப்படிக் காட்டுவது என்று கட்டம் கட்டமாக வரைந்து திட்டம் போடுவதும், எடுத்ததை வெட்டி ஒட்டுவதும் என் வேலை. மொத்தம் இருபது பாடம். பழைய படங்களைப் பார்த்தேன், எரிச்சலாக வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி, கப்பல் மாதிரி ஒரு சமையலறை. நம் ஊர்ப் பெண்ணுக்கு அதில் என்ன விளங்கும்?

நீ படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைத்தானே பார்த்துக்கொள்கிறாய். அவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று விவரமாக எழுது. இந்தக் கடிதத்தையும், நீ சொன்னபடி, உங்கள் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் மெய்லானி அக்காவின் முகவரிக்கே அனுப்புகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் தீரவில்லை என்றாலும் பாசத்தோடு,
பலுப்பி


தைனான், 29 ஜூலை 2017

என் தங்கச்சி பலுப்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். பெரியவரும் நலம். அம்மாவை இரவில் இஞ்சித் தண்ணீர் குடிக்கச் சொல். என் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. சரி செய்யக் கொடுத்திருக்கிறேன், இங்கே அதற்கெல்லாம் நாளாகும். அம்மாவிடம் நான் காலைத் தொட்டுப் பெருநாள் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வேலை கிடைத்ததைப் படித்ததும் கடையிலேயே நின்று சிரித்தேன். காய்கறி வாங்க வந்த ஒரு கிழவி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

கேட்டதற்குப் பதில். தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். “தாத்தா, இந்தப் பக்கம் திரும்பப் போறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முதலில் உனக்குத் தூரமாக இருக்கும் காலை மடக்கி வை. பிறகு ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்காதே, உன் பக்கம் உருட்டு. வாதம் வந்த கையை மறந்துவிட்டால் அது உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். எங்கள் பெரியவர் அப்போது கத்தமாட்டார், கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். அதனால் முகத்தையும் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். இதைப் படத்தில் வை.

செய்கிறவளுக்கு எதிரே நின்று படம் எடுக்காதே. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து காட்டு. இல்லாவிட்டால் இடது எது, வலது எது என்று பார்க்கிறவள் குழம்பிப் போவாள்.

பெரியவர் மதியம் கண் அசரும் நேரத்தில் எழுதுகிறேன். விழித்துக்கொண்டார். சுகமாக இருங்கள்.
உன் அக்கா முர்தினி


மாலாங், 20 ஆகஸ்ட் 2017

அன்பான அக்காவுக்கு ஸலாம்,

நலமா? பெரியவர் நலமா? போன் வந்துவிட்டதா? நாங்கள் நலம்.

நீ சொன்னபடியே எடுத்தோம். நிலையத்தின் காவலாளி துக்கிரான்தான் நோயாளி. கட்டிலில் படுத்த மனிதர் நிஜமாகவே தூங்கிவிட்டார். குறட்டைச் சத்தத்தில் நான் பதிவு செய்த குரலே கேட்கவில்லை. எழுப்பினால், “நோயாளின்னா தூங்கத்தானேம்மா செய்வான்?” என்கிறார். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தார்கள். தலைவர் ஹர்தோயோ எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

இதுவரை பதினாறு பாடம் முடிந்தது. பதினான்காவதுதான் எல்லாரும் கைதட்டியது. போய் இறங்கிய முதல் நாள், எஜமானி வீட்டு வாசல். பெண் குனிந்து வணங்கி, சிரித்த முகத்தோடு தன் பாஸ்போர்ட்டையும் போனையும் இரண்டு கையாலும் நீட்டுகிறாள். எஜமானி வாங்கி அலமாரியில் பத்திரமாக வைக்கிறாள். ‘நம்பிக்கை இங்கே தொடங்குகிறது’ என்று எழுத்து வருகிறது. பின்னால் கெண்டாங் மேள இசை. அந்தக் கைகளை நான் எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறேன் தெரியுமா? நீ பார்த்தால் பெருமைப்படுவாய்.

மற்றவை பிறகு. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.
பலுப்பி


தைனான், 11 செப்டம்பர் 2017

பலுப்பிக்கு,

ஸலாம். நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பதினான்காம் பாடத்தின் வாசகத்தை எழுதியது யார்? நீயா, அவர்களா?

முர்தினி


மாலாங், 2 அக்டோபர் 2017

அக்காவுக்கு ஸலாம்,

நலம், நலமறிய ஆவல். நீ மூன்றே வரி எழுதி அனுப்புவாய், நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், அப்படித்தானே?

வாசகம் ஹர்தோயோ கொடுத்தது. படம் நான் திட்டமிட்டது. இதில் உனக்கு என்ன கோபம் என்று விளங்கவில்லை. கோபம்தான் என்பது மட்டும் விளங்குகிறது. இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தொலைந்து போகாமல் இருக்க எஜமானர்கள் வாங்கி வைப்பார்கள், திரும்பும்போது கொடுப்பார்கள் என்று. நீயும் ஒன்றரை வருடமாக அங்கேதானே இருக்கிறாய்? ஒரு நாளாவது ஒரு குறை சொன்னாயா? குறை இருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்துக்கொண்டு, நான் முதன்முதலாக ஒரு வேலையை உருப்படியாகச் செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது என்ன நியாயம்?

படங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. போன வாரம் புறப்பட்ட பெண்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

கோபம் ஆறியதும் எழுது.
பலுப்பி


தைனான், 10 டிசம்பர் 2017

பலுப்பிக்கு,

ஸலாம். இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

எங்கள் தெருவில் நான்காவது வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். காத்மினி என்று பெயர், உங்கள் நிலையத்திலிருந்துதான். பூங்காவுக்குப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது பார்த்தேன். அவளும் ஒரு கிழவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் பேசினாயா என்று கேட்டேன். போன் எஜமானியிடம் இருக்கிறது என்றாள். பாஸ்போர்ட்? அதுவும்தான். ஏன் கொடுத்தாய் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“படத்துல சொன்னாங்கக்கா. சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையாலயும் குடுக்கணும்னு. அவங்க கேக்கக்கூட இல்ல, நானேதான் நீட்டினேன். நல்ல படம்க்கா, அழகா எடுத்திருந்தாங்க.”

கேட்காமலே நீட்டியிருக்கிறாள், பலுப்பி. பிடுங்குகிறவர்களுக்குப் பிடுங்குகிற வேலையைக்கூட நீ மிச்சம் வைக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது கிழவியைப் பார்த்துக்கொள்வதோடு எஜமானியின் மகன் வீட்டையும் தினமும் துடைக்கிறாள். ஒப்பந்தத்தில் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வெளியே விடுவதில்லை. யாரிடம் சொல்வாள்? எதை வைத்துச் சொல்வாள்?

நீ கேட்டாயே, ஒரு நாளாவது குறை சொன்னாயா என்று. கேட்டுக்கொள். என் போன் உடையவில்லை. வந்த எட்டாம் நாள் எஜமானி வாங்கி வைத்தாள். பாஸ்போர்ட்டை விமான நிலையத்திலேயே தரகன் வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டான். பெரியவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் விடிவதற்கு முன்பே எழுப்பி அவர்களுடைய காலைச் சிற்றுண்டிக் கடையில் நிறுத்துகிறார்கள். முட்டை அடை சுடுவேன், சோயாப்பால் காய்ச்சுவேன். அதன் பிறகுதான் பெரியவர். எண்ணெய் தெறித்த தழும்பு கையில் நிறைய இருக்கிறது. சந்தைக்குப் போகும் கொஞ்ச நேரம்தான் என் கைக்குள் இருக்கும் நேரம். அதில்தான் மெய்லானி அக்காவின் கடைக்கு ஓடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்பாய். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள்? அம்மா சாப்பாட்டை வெறுத்திருப்பாள். நீ அழுதிருப்பாய். அவ்வளவுதான். அதனால் விழுங்கிக்கொண்டேன். நான் விழுங்கியது என்னோடு போகும் என்று நினைத்தேன். என் தங்கை அதையே பாடமாக எடுத்து, மேளம் வைத்து, இன்னொரு பெண்ணுக்கு ஊட்டுவாள் என்று நினைக்கவில்லை.

மெய்லானி அக்கா சொன்னாள், இங்கே சட்டப்படி நம் பாஸ்போர்ட்டை நம் விருப்பமில்லாமல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். புகார் சொல்ல இலவசத் தொலைபேசி எண் இருக்கிறதாம், நம் மொழியிலேயே பேசுவார்களாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது. இந்த ஊர் மொழியில் ‘இது என்னுடையது, நானே வைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அரிசிக் குக்கரைத் துடைக்கச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஒரு படம் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்கு இல்லை.

அந்த வாக்கியத்தை உச்சரிப்போடு தனித்தாளில் எழுதியிருக்கிறேன், எண்ணும் இருக்கிறது. என்ன செய்வாயோ செய்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.
முர்தினி


மாலாங், 8 ஜனவரி 2018

என் அக்காவுக்கு,

ஸலாம். உன் கை எப்படி இருக்கிறது? தழும்புக்கு ஏதாவது தடவுகிறாயா? அம்மா நலம், அவளுக்கு எதுவும் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்த அன்றே ஹர்தோயோவின் அறைக்குப் போனேன். பதினான்காம் பாடத்தை எடுத்துவிட வேண்டும், அது தப்பு, அந்த ஊர்ச் சட்டமே அதை ஒப்பாது என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். டீ கொண்டுவரச் சொன்னார்.

“இங்க பாரும்மா,” என்றார். “நாம வேலை சொல்லிக் குடுக்குற இடம். சட்டம் சொல்லிக் குடுக்குற இடம் இல்ல. நாளைக்கே எந்த எஜமானியாவது உங்க பொண்ணு வாயாடின்னு சொல்லிட்டா, அடுத்த பொண்ண யாரு எடுப்பா?”

“அப்ப இந்தப் பாடம் யாருக்குங்க? பொண்ணுங்களுக்கா, எஜமானிகளுக்கா?” என்று கேட்டேன்.

“சம்பளம் யாரு குடுக்குறாங்களோ அவங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். வெட்கமே இல்லாமல், சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

அக்கா, நான் அறையை விட்டு வெளியே வந்து கழிப்பறையில் நின்றேன். அழுகை வரவில்லை. அந்தக் கைகளை எவ்வளவு அழகாக எடுத்தேன் என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை நீ எப்படிப் படித்திருப்பாய்?

அடுத்த ஞாயிறு துக்கிரான் வீட்டுக் கொல்லையில் வேறொரு படம் எடுத்தேன், என் போனிலேயே. எஜமானாக அவர்தான் நடித்தார். இந்தத் தடவை தூங்கவில்லை. பெண்ணாக நான். அவர் கை நீட்டுகிறார். நான் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நீ எழுதிய வாக்கியத்தைச் சொல்கிறேன். பிறகு அதையே மெதுவாக, சொல் சொல்லாகப் பிரித்து மூன்று தடவை சொல்கிறேன், பார்க்கிறவர்கள் கூடவே சொல்லட்டும் என்று. கடைசியில் எண். மூன்று நிமிடம்கூட இல்லை. அதைப் பயிற்சிப் பெண்களின் போன்களுக்கு அனுப்பினேன். விடுதியில் சோறு வடிக்கும்போதுகூட அந்த வாக்கியத்தைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

நான்காம் நாள் ஹர்தோயோ கைக்கு அது போய்விட்டது. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். துக்கிரானையும் நீக்கினார்கள். அதுதான் வலிக்கிறது. அவரோ, “படுத்துக் கெடந்ததுக்குக் குடுத்த சம்பளம்மா அது, போனா போகுது” என்று என்னைத் தேற்றுகிறார். இப்போது கோழி விற்கிறார்.

எனக்காகக் கவலைப்படாதே. நீ என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் எழுது. உடனே எழுது.

உன் பலுப்பி


துலுங்காகுங், 14 பிப்ரவரி 2018

அன்பு அக்காவுக்கு ஸலாம்,

பதில் இல்லை. மெய்லானி அக்காவின் கடை எண்ணைத் தேடிப் பிடித்துப் போனும் போட்டுப் பார்த்தேன். நீ மூன்று வாரமாகச் சந்தைப் பக்கமே வரவில்லை என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கே வந்துவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துப் பார்த்துப் போகிறாள்.

இந்தக் கடிதம் உன்னிடம் சேருமோ என்னவோ, ஆனால் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நேற்று வாசலில் ஒரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள், துக்கிரானிடம் முகவரி வாங்கியிருக்கிறாள். பெயர் எங்கார். என் படத்தைப் பார்த்த கூட்டத்தில் ஒருத்தி. சுரபாயா விமான நிலையத்தில் தரகன் பையை விரித்துக்கொண்டு எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டிருக்கிறான். எல்லாரும் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் போடவில்லை. படத்தில் வந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த ஊர் மொழியிலேயே, அவனுக்கு அது விளங்காது என்றுகூட யோசிக்காமல். பிறகு நம் மொழியிலும் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான். “உனக்கெல்லாம் ஏரோப்ளேன் எதுக்கு?” என்று டிக்கெட்டைக் கிழித்துவிட்டுப் போய்விட்டானாம். கூட வந்த பெண்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள்.

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா சோறும் சோயாத் தெம்பேயும் வைத்தாள். எங்கார் முழுதும் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் பேசினாள்.

“உங்க படத்துல நீங்க ‘இது என்னுது’ன்னு சொல்றதோட சரி, அப்புறம் அந்த ஊரு நம்பர்தான் வருது. நானும் சொன்னேன். அவன் முடியாதுன்னான். அதுக்கப்புறம் என்ன செய்யணும்? அது ஒங்க படத்துல இல்லியே.”

அக்கா, ‘முடியாது’ என்று அவர்கள் சொன்ன பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் எதையும் இரண்டாம் தடவை கேட்டு நின்றதே இல்லை. தெரியாத பாடத்தை நடத்தி ஒரு பெண்ணை விமான நிலையத்தில் தனியாக நிற்க வைத்துவிட்டேன்.

அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். வீட்டுக்குப் போகப் பயப்படுகிறாள்.

நீ எங்கே இருக்கிறாய்? ஒரு வரி போதும்.
பலுப்பி


தைனான், 18 மார்ச் 2018

என் பலுப்பிக்கும், எங்கார் என்ற அந்தப் பெண்ணுக்கும்,

ஸலாம். நான் உயிரோடு, நலமாக இருக்கிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. என் போன் என் கையில் இருக்கிறது, நாளை பேசுகிறேன். ஆனால் இதைப் பேச்சில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உன் கடிதங்கள் இரண்டும் இப்போதுதான் கைக்கு வந்தன.

எங்கார் கேட்டாளே, அதற்குப் பதில்.

ஜனவரியில் ஒரு நாள், கடையை மூடிய பிறகு, எஜமானியிடம் கேட்டேன். அந்த வாக்கியத்தைத்தான் சொன்னேன். முடியாது என்றாள். மறுநாளும் கேட்டேன். “எடுத்துக்கிட்டு எங்க போவே? உனக்கு இங்க யாரு இருக்கா?” என்றாள். அன்றிலிருந்து சந்தைக்கு அவளே போக ஆரம்பித்தாள். கதவை வெளியே பூட்டினாள். ‘முடியாது’ என்ற பிறகு இதுதான் வரும், பலுப்பி. கேட்டதற்குத் தண்டனை வரும். அதை மறைக்காமல் படத்தில் காட்டு.

பெரியவருக்கு மருந்து வாங்கும் நாள் வந்தது. மருத்துவமனைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு நான்தான் போக வேண்டும், எஜமானியால் தூக்க முடியாது. அவள் மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒரு தாதியிடம் போனைக் கேட்டேன். சைகையில்தான் கேட்டேன். கொடுத்தாள். அந்தப் புகார் எண்ணில் நம் ஊர்க்காரி ஒருத்தி பேசினாள். பெயர், முகவரி, எத்தனை மணிக்குக் கடைக்கு எழுப்புகிறார்கள், எல்லாம் சொன்னேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், கூட மொழிபெயர்க்க ஒரு பெண். எஜமானி டீ ஊற்றினாள், பழம் நறுக்கி வைத்தாள். பெட்டியிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்து, “இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. தொலைச்சிடுவாளேன்னு பத்திரமா வச்சிருந்தோம். அவளே விரும்பித்தான் குடுத்தா” என்றாள். கடையைப் பற்றிக் கேட்டதற்கு, நான் ஆசைப்பட்டு ஒத்தாசை செய்ததாகச் சொன்னாள்.

மொழிபெயர்ப்புக்காரி என் பக்கம் திரும்பி, “அப்படியாம்மா?” என்று கேட்டாள்.

அந்த இடம்தான், பலுப்பி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எஜமானி சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெரியவர் இருமினார், இனி யார் அவரைப் புரட்டுவார்கள் என்று மனதில் ஓடியது. நமக்குத்தான் பழக்கமாயிற்றே, ‘பரவாயில்லீங்க’ என்று சொல்லிப் பழகிய வாய். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதிகாரிகள் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பாஸ்போர்ட் திரும்பப் பெட்டிக்குப் போயிருக்கும்.

“இல்லை,” என்றேன். சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. மொழிபெயர்ப்புக்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது பெண்கள் காப்பகத்தில் இருக்கிறேன், வேறு வேலை தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவரிடம் சொல்லிக்கொள்ள விடவில்லை. அது ஒன்றுதான் குறை. காத்மினி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். டிசம்பரில் பூங்காவில் பார்த்தபோது புகார் எண்ணைக் கொடுத்தேன். பயமாக இருக்கிறது என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்காரிடம் சொல், தரகன் டிக்கெட்டைக் கிழித்ததைச் சும்மா விடக்கூடாது. நம் ஊரிலும் புகார் செய்ய இடம் இருக்கிறது, நீ கூடப் போ. போய்விட்டு வந்து அடுத்த படத்தை எடு. அவளையே நடிக்க வை. துக்கிரானுக்கும் வேலை கொடு, அதிகாரியாக உட்கார வை. கைகளை எடுத்தது போதும். மேசை, டீ, நறுக்கிய பழம், எல்லாம் இருக்கட்டும். “அப்படியாம்மா?” என்று கேட்டதும் அவள் முகத்தை மட்டும் காட்டு. மூன்று நிமிடக் கணக்கையெல்லாம் விட்டுவிடு. அவள் வாய் திறக்கும் வரைக்கும் வெட்டாதே.

அம்மாவுக்கு முத்தம். நீங்கள் மூவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் அக்கா,
முர்தினி